அப்துல்லாபுரமா, அரக்கோணமா, மீனம்பாக்கமா: மனுவில் எதை எழுதுவது?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு இரண்டு மாதமாக முடியாமல் கிடக்கிறது. "வேலூர்ப் பகுதி மக்களுக்கு விமான வசதி வேண்டும்" என்ற முதல் வரியில் எல்லாருக்கும் சம்மதம். இரண்டாவது வரியில்தான் தகராறு. அப்துல்லாபுரத்தில் இருக்கிற விமான நிலையத்தைத் திறக்கச் சொல்லலாம் என்பது ஒரு கட்சி. அரக்கோணத்தில் கடற்படையிடம் அவ்வளவு நீளமான ஓடுபாதை இருக்கிறதே, புனேயிலும் கோவாவிலும் நடப்பதுபோல அங்கே பயணிகள் விமானமும் இறங்கட்டுமே என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், "மீனம்பாக்கத்துக்கு நேரா ஒரு பஸ் விடச் சொல்லுங்கப்பா, போதும்" என்று சொல்லிவிட்டு, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். எல்லாரும் சிரித்தோம்.

மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஏலகிரி எக்ஸ்பிரஸில் பதினோரு வருஷம் சீசன் டிக்கெட்டில் சென்னைக்குப் போய்வந்தவன், அரக்கோணம் பக்கம் ஹெலிகாப்டர்கள் வட்டமடிப்பதை ஜன்னல் வழியே பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் எழுத உட்கார்ந்தபின் ஒன்று புரிந்தது. ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று பேசினோமே தவிர, அதில் ஏறி யார் எங்கே போகப் போகிறார்கள் என்று ஒருவரும் பேசவில்லை.

அதை முதலில் பார்த்துவிடலாம். வேலூருக்கு வெளியூர்க்காரர் வருவது பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு. மேற்கு வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று வருகிறார்கள். பாபு ராவ் தெருப் பக்கம் போனால் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், கடுகெண்ணெய் வாசனை, மீன் குழம்புச் சாப்பாடு. தமிழ் தெரியாமலேயே ஒரு மாதம் ஓட்டிவிடலாம். அடுத்தது வி.ஐ.டி. மாணவர்கள்; அதில் வடநாட்டுப் பிள்ளைகள் நிறைய. அப்புறம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகள். கடைசியாக நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள். கம்மவான்பேட்டையை 'மிலிட்டரிப்பேட்டை' என்று சொல்கிற அளவுக்கு இந்த மாவட்டம் ராணுவத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. லீவில் வந்த பையன் ஜம்முவுக்கோ சிலிகுரிக்கோ திரும்பிப் போக வேண்டும்.

இவர்கள் எல்லாரும் போகிற ஊர் கொல்கத்தா, குவஹாத்தி, டெல்லி, பாட்னா. வேலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ பறக்க வேண்டும் என்று இதில் ஒருவருக்கும் ஆசை இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதித் தகராறு தானாகத் தீர்ந்துவிடும்.

அப்துல்லாபுரம்

பெங்களூர் போகிற நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேசுவரர் 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், அந்த இடம் காலி. அதில் இப்போது 'விமானம் இல்லாத விமான நிலையம்' வந்து உட்கார்ந்திருக்கிறது.

சின்ன ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் (முதல் விமானம் பறந்தது 2017-ல்) இந்த நிலையத்தின் பெயர் சேர்ந்ததிலிருந்து நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஓடுபாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. உடானில் சின்ன ஊர்களுக்கு வழக்கமாகப் பறக்கும் ஏ.டி.ஆர்-72 விமானத்துக்கு, எழுபது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்ப சுமார் 1,300 மீட்டராவது வேண்டும். வேலூர் வெயிலில் அதற்கும் மேல் வேண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்க இன்னும் வேகம் பிடிக்க வேண்டும், அதற்கு இன்னும் நீளப் பாதை. ஆகவே இங்கே பேச்சு அடிபடுவதெல்லாம் 19 இருக்கை விமானம்தான். அது கொல்கத்தாவுக்குப் போகாது. சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் போகும்.

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணி நேரம். வந்தே பாரத்தில் அதைவிடக் குறைவு. இதற்கு மாற்றாக, வீட்டிலிருந்து அப்துல்லாபுரம் போய், ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்து, பெட்டியைச் சோதனைக்குக் கொடுத்து, அரை மணி பறந்து, மீனம்பாக்கத்தில் மறுபடி வெளியே வந்து... கணக்குப் போட்டாலே கால் வலிக்கிறது.

புதுச்சேரியைப் பாருங்கள். அதுவும் சென்னையிலிருந்து நம்மைப் போலவே நூற்றைம்பது கிலோமீட்டர் சுமாருக்குள் இருக்கிற ஊர். அங்கே விமானம் வரும், நிற்கும், மறுபடி வரும். 2024 மார்ச்சில் நின்றுபோனது டிசம்பரில்தான் திரும்பியது. சேலத்தில் 2018-ல் தொடங்கிய சேவை 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. உடானில் ஒரு வழித்தடத்துக்குக் கொடுக்கும் மானியம் மூன்று வருஷத்துக்கு. மானியம் தீரும் நாளில் நிஜமான பயணிகள் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். சேலத்துக்காவது சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அப்துல்லாபுரம் வீண் என்று நான் சொல்லவில்லை. பயணிகள் விமானத்துக்கு அது வீண். உறுப்பு மாற்று சிகிச்சைக்கு இதயமோ கல்லீரலோ கொண்டுபோக, நடமாட முடியாத நோயாளியைக் கொண்டுவர, விமானம் ஓட்டப் படிக்கிறவர்கள் பழக, அந்தச் சின்ன ஓடுபாதை தாராளம். மருத்துவமனைக்குப் பெயர்போன ஊரில் இதைக் கேட்பதுதான் நியாயமாகவும் படுகிறது.

அரக்கோணம்

இங்கேதான் எனக்கே சபலம். ராஜாளி என்று கடற்படை தன் தளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. கோவாவில் ஹம்சா, கொச்சியில் கருடா, ராமநாதபுரம் பக்கம் பருந்து என்று கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். அதில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. 1992 மார்ச் 11 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமன் ராஜாளியைக் கடற்படைக்கு அர்ப்பணித்தார். அப்போது இதெல்லாம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது.

ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே மூன்றரைக் கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டுவதுதான். அதாவது நம் பக்கத்து ஊரில் இருப்பது சென்னையுடையதைவிட நீளம். ரஷ்யாவிலிருந்து வந்த டியு-142 என்ற நான்கு எஞ்சின் ராட்சதன் இங்கிருந்துதான் பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர், காதைக் கிழிக்கும் சத்தம். 2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அதன் இடத்துக்கு 2013-லிருந்து வந்தது பி-8ஐ. இதை எங்கள் சங்கத்து இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். பி-8ஐ என்பது போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடம்பிலேயே கட்டிய, நீர்மூழ்கி வேட்டைக்கான விமானம். "அதே உடம்புள்ள விமானம் தினமும் இறங்குகிறதே, பயணிகளோடு இறங்கினால் தரை என்ன குழிந்துவிடுமா?" என்பது அவர்கள் கேள்வி. தரையைப் பொறுத்தவரை கேள்வி சரிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கி மூடியபோது பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் இறங்கி ஏறவும் செய்தன. டெர்மினல் கிடையாது, சாமான் சுற்றும் பெல்ட் கிடையாது, ஆனாலும் நடந்தது. ஒரு முறை நடந்ததைத் தினமும் நடத்தினால் என்ன?

இருப்பிடமும் சாதகம். காட்பாடியிலிருந்து ரயிலில் 61 கிலோமீட்டர். வேகமான வண்டிகளில் முக்கால் மணி நேரம். பெங்களூர் - சென்னை விரைவுச்சாலை குடியாத்தம் பக்கமும் வாலாஜாவையும் தொட்டு, அரக்கோணம் வழியாகத்தான் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் போகிறது. முழுதாகத் திறந்துவிட்டால் காரிலும் சுளுவு.

செலவிலும் சாதகம்தான். புதிதாக ஒரு விமான நிலையம் என்றால் நிலம் எடுக்கவே ஒரு தலைமுறை போய்விடுகிறது. ராணுவத் தளத்தில் சேர்ந்துகொண்டால் ஓடுபாதை தயார், கட்டுப்பாட்டு கோபுரம் தயார், தீயணைப்பு வண்டி தயார். விமான நிலைய ஆணையம் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு டெர்மினலும் விமானம் நிற்க ஒரு தளமும் கட்டி, ஓடுபாதைக்கு ஓர் இணைப்புப் பாதை போட்டால் போதும். இதற்கு அதிகாரிகள் வாயில் புழங்கும் பெயர் சிவில் என்க்ளேவ். புனே, பாக்டோக்ரா, ஸ்ரீநகர், லே, சண்டிகர், விசாகப்பட்டினம் எல்லாம் இப்படித்தான்.

ஒண்டுக்குடித்தனம்

சபலம் இருக்கட்டும். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும். வாசல் ஒன்று, கிணறு ஒன்று. வாடகை கொடுத்தாலும் கிணறு வீட்டுக்காரருடையது. அவர் வீட்டில் விசேஷம் என்றால் அன்றைக்கு நமக்குத் தண்ணீர் மதியத்துக்கு மேல்தான். தூர் வாருகிறேன் என்று ஒரு வாரம் மூடினாலும் கேட்க முடியாது. கூட்டு விமான நிலையத்தில் ஓடுபாதைதான் அந்தக் கிணறு.

கோவாவின் டாபோலிம் கடற்படைத் தளத்தில், வார நாட்களில் காலைப் பொழுதின் பெரும்பகுதி போர் விமானப் பயிற்சிக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். பயணிகள் விமானங்களெல்லாம் மதியத்துக்குமேல் முண்டியடித்துக்கொண்டு வரும். 2018 ஜனவரி 3 அன்று அங்கே ஒரு மிக்-29கே ஓடுபாதையைத் தாண்டி ஓடி விழுந்து தீப்பிடித்தது. விமானி தப்பித்தார், ஆனால் சில மணி நேரம் கோவாவுக்கு யாரும் போக முடியவில்லை. மோபாவில் இன்னொரு விமான நிலையம் கட்டி 2023 ஜனவரியில் சேவை தொடங்கியபின்தான் மூச்சு வந்தது.

புனேயில் 2021 அக்டோபரில் ஓடுபாதை வேலைக்காக ஏறக்குறைய இரண்டு வாரம் ஒரு விமானமும் கிடையாது. சண்டிகரில் 2018 மே மாதத்தில் இருபது நாள். பாக்டோக்ராவில் 2022 ஏப்ரலில் இரண்டு வாரம். பழுது பார்ப்பது எல்லா ஊரிலும் உண்டு. மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதை இருப்பதால் ஒன்றை மூடினாலும் வண்டி ஓடுகிறது. இந்த ஊர்களில் ஒன்றே ஒன்று, அதுவும் அடுத்தவருடையது.

புனேயில் இன்னொன்றும் நடந்தது. 2020 பிப்ரவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஓடுபாதையில் வேகம் எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ஜீப்பும் ஆளும் தெரிந்தார்கள். விமானி முன்கூட்டியே மூக்கைத் தூக்கி எழும்பிவிட்டார், வால் தரையில் உரசியது. டெல்லியில் பத்திரமாக இறங்கினார்கள். பட்டாள வண்டியும் பயணிகள் விமானமும் ஒரே தரையில் புழங்கும்போது இந்த மாதிரி ஆபத்துக்கு இடம் கூடுதலாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நானே சிலிகுரிப் பக்கத்து பாக்டோக்ராவில் இறங்கியிருக்கிறேன். அக்கா மகன் அந்தப் பக்கம் பட்டாளத்தில் இருந்தான். விமானம் நின்று வாசல் திறந்ததும், ஊரில் காட்டலாம் என்று செல்போனைத் தூக்கினேன். அங்கே நின்ற சிப்பாய் ஒன்றும் பேசாமல் விரலை மட்டும் ஆட்டினார். போன் பைக்குள் போய்விட்டது. பிறகு மருமகன் சொன்னான், "மாமா, அது ஏர்ஃபோர்ஸ் கிணறு, நீங்க தண்ணி மட்டும் எடுத்துட்டு வரணும்." ஒண்டுக்குடித்தன உவமை உண்மையில் அவனுடையதுதான், திருடிக்கொண்டேன்.

போர் மூண்டால் கதை வேறு. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைப் பயணிகளுக்கு மூடினார்கள். ஸ்ரீநகர், ஜம்மு, லே, சண்டிகர், ஜோத்பூர் எல்லாம் அதில் அடக்கம். அரக்கோணம் அந்த எல்லையிலிருந்து வெகுதூரம்தான். ஆனாலும் ஒரு தளத்தில் என்ன நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஜன்னலோரப் பயணி பார்க்கக்கூடிய நிலைமையைக் கடற்படை விரும்பாது. அது அவர்கள் பிடிவாதம் இல்லை, வேலை.

ராஜாளியின் கூட்டில் என்ன இருக்கிறது

கூட்டுத் தளம் என்று பொதுவாகப் பேசுவதில் ஒரு குறை உண்டு. எந்த மாதிரிப் படைப்பிரிவோடு சேர்ந்து இருக்கிறோம் என்பதுதான் முக்கியம். போக்குவரத்து விமானங்கள் நிற்கும் தளம் என்றால் அவை பயணிகள் விமானத்தைப் போலவே ஏறி இறங்கும், இடைஞ்சல் குறைவு. போர் விமானம் என்றால் கூட்டமாகக் கிளம்பும், எரிபொருள் தீர்ந்து கூட்டமாகத் திரும்பும், அந்த நேரம் மற்றவர்கள் வானத்தில் காத்திருக்க வேண்டும். பயிற்சித் தளம் என்றால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அரக்கோணத்தில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று பி-8ஐ. இந்தியப் பெருங்கடலில் ஏதாவது நடமாட்டம் என்றால் இரவு பகல் பாராமல் கிளம்பும். 2020-லிருந்து ஆளில்லாத எம்.க்யூ-9பி விமானங்களும் இங்கிருந்து போகின்றன. இவற்றோடு ஒரு நாளைக்கு நாலு பயணிகள் விமானம் என்றால் ஒத்துப்போகலாம். இரண்டாவதுதான் கஷ்டம்: கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. நான் ரயில் ஜன்னலில் பார்த்ததெல்லாம் அந்தப் பிள்ளைகளைத்தான். சேத்தக் போன்ற சின்ன ஹெலிகாப்டரில் ஏறி இறங்கிப் பழகுகிறவனுக்குப் பக்கத்தில் எழுபது டன் ஜெட் இறங்கினால், அது விட்டுப்போகும் காற்றுச் சுழல் அடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அத்தனை நேரம் அவன் காத்திருக்க வேண்டும். ஒரு பயணிகள் விமானத்துக்காக எத்தனை மாணவர்களின் பாடம் நிற்கும் என்று கடற்படை கணக்குப் பார்த்தால், நமக்குக் கிடைப்பது விடிகாலையும் இரவும்தான்.

பீதரையும் ஹிண்டனையும் வைத்துப் பார்க்கலாம். பீதர் கர்நாடகத்தில் இருக்கும் விமானப்படையின் பயிற்சித் தளம். 2020 பிப்ரவரியில் பயணிகள் விமானம் தொடங்கியது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது, 2025-ல் இன்னொரு தடவை வந்தது. ஹிண்டன் டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் விமானப்படைத் தளம், போக்குவரத்து விமானங்கள் அதிகம். 2019-ல் சின்ன விமானங்களோடு ஆரம்பித்து, 2025-ல் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் பெரிய விமானங்களே போகத் தொடங்கின. அரக்கோணத்து இளைஞர் கட்சி ஹிண்டனைக் காட்டுகிறது. நான் பீதரைக் காட்டுகிறேன். நியாயமாகச் சொன்னால் அரக்கோணம் இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. ஹிண்டனுக்குப் பின்னால் டெல்லியின் கிழக்குப் பாதியும் காசியாபாத்தும் நொய்டாவும் நிற்கின்றன, நமக்குப் பின்னால் திருத்தணியும் சோளிங்கரும்.

போதாக்குறைக்குப் பரந்தூர். 2022-ல் அறிவித்த சென்னையின் இரண்டாவது விமான நிலையம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் எங்கள் ஏரியும் வயலும் போகும் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கு தனி, அதில் என் மனசு அவர்கள் பக்கம்தான். கட்டுவார்களா, எப்போது கட்டுவார்கள் என்பது எப்படிப் போனாலும், விமானத்தின் வேகத்துக்குப் பரந்தூரும் அரக்கோணமும் கூப்பிடு தூரம். ஒன்றின் இறங்குவழி இன்னொன்றின் ஏறுவழியோடு உரசாமல் வானத்தைப் பங்கு போடுவதே பெரிய பேச்சுவார்த்தை. அந்த நேரத்தில் அரக்கோணத்திலும் பயணிகள் விமானம் என்றால் எந்த விமான நிறுவனம் பணம் போட வரும்?

மற்றவை, சுருக்கமாக

திருப்பதிக்கு, அதாவது ரேணிகுண்டாவுக்கு, காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். ஹைதராபாத் போகிறவர்களுக்கு நல்ல யோசனை. கொல்கத்தா, குவஹாத்திக்காரர்களுக்கு உதவாது.

பெங்களூர் விஷயத்தில் பழைய ஆட்களுக்கு ஒரு ஏக்கம் உண்டு. 2008 மே வரை பயணிகள் விமானம் எச்.ஏ.எல். நிலையத்தில்தான். அதுவும் ராணுவ விமானங்களோடு பங்கு போட்ட இடம்தான். ஓசூர் ரோடு வழியாக நேராகப் போய் இறங்கலாம். தேவனஹள்ளிக்கு மாறியபின் ஊரைச் சுற்றிக்கொண்டு வடக்கே போக வேண்டியிருக்கிறது. வேலூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நேரடி விமானம் அங்கே மட்டும் இருந்தால் ஒழிய நான் போவதில்லை. ஓசூரில் வரப்போவதாகச் சொல்வது வந்தால் திருப்பத்தூர்க்காரர்களுக்கு லாபம், எங்களுக்கு இல்லை.

அப்படியானால் மீனம்பாக்கம்

குவஹாத்தியிலிருந்து பெங்களூர் போகும் எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது. கீமோ கொடுக்க வேண்டிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் கடன் வாங்கியாவது சென்னைக்கு விமானம் ஏறுகிறார். மீனம்பாக்கம் வரை எல்லாம் சரி. அங்கிருந்து வேலூர் வரைதான் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது. டாக்சிக்காரர் சொன்னதுதான் வாடகை. இல்லாவிட்டால் மெட்ரோவில் சென்ட்ரல் போய் ரயில் பிடிக்க வேண்டும், அல்லது கோயம்பேட்டில் இறங்கி பஸ் ஏற வேண்டும். சக்கர நாற்காலியோடும் நாலு மூட்டையோடும் இதைச் செய்து பார்த்தால் தெரியும். நள்ளிரவு விமானம் என்றால் விடியும் வரை நாற்காலியில் தூக்கம்.

விமானம் இல்லாததல்ல நம் குறை. மீனம்பாக்கத்திலிருந்து எல்லா ஊருக்கும் விமானம் இருக்கிறது. கடைசி 130 கிலோமீட்டர்தான் ஓட்டை. பெங்களூரில் விமான நிலையத்துக்கென்றே வாயு வஜ்ரா என்று ஏசி பஸ் ஓடுகிறது, மைசூருக்குக்கூட நிலையத்து வாசலிலிருந்தே பஸ் கிடைக்கிறது. அந்த மாதிரி இரவும் பகலும் மீனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, ராணிப்பேட்டை வழியாக சி.எம்.சி. வாசல், காட்பாடி, வி.ஐ.டி. வரை ஒரு பஸ் ஓடினால், சாமான் வைக்க இடமும் சக்கர நாற்காலி ஏற்ற ஒரு படியும் இருந்தால், அதற்கு ஒரு அடி நிலம் எடுக்க வேண்டியதில்லை. கடற்படையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்து பஸ்ஸும் மனசும் போதும். ஓடவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் போகலாம், டெர்மினலை அப்படி மூட முடியாது.

இதற்கும் ஒரு எதிர்வாதம் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை நெரிசலில் பஸ் மாட்டினால் நேரம் யார் கையிலும் இல்லை. மழை பெய்து மீனம்பாக்கமே மூடினால் பஸ் இருந்தும் பயனில்லை. 2015-ல் மூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடியது. அடையாற்றின் மேலேயே ஓர் ஓடுபாதை போகிற இடம் அது.

இந்த இடத்தில்தான் அரக்கோணத்தை நான் மனுவில் சேர்க்கிறேன். தினசரி விமானத்துக்கு இல்லை. சென்னை மூடுகிற நாளில் அரக்கோணம் திறக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த வாசல் வழியாகப் பயணிகள் வருவார்கள், எங்கே சோதனை, எத்தனை பஸ், எத்தனை விமானம் என்று. 2015-ல் அவசரத்தில் செய்ததை நிதானமாகக் காகிதத்தில் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியனும் அதே அரக்கோணத்தில்தான் இருக்கிறது. கடற்படைக்கு இதில் நஷ்டம் இல்லை, ஹெலிகாப்டர்ப் பிள்ளைகளுக்கும் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் லீவு.

ஆகவே மனுவின் இரண்டாவது வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: மீனம்பாக்கம் - வேலூர் நேரடி பஸ், உடனே. மூன்றாவது வரி: மழைக்காலத்துக்கு அரக்கோணம். நாலாவது: அப்துல்லாபுரத்தில் நோயாளி விமானமும் பயிற்சி விமானமும். இளைஞர் கட்சி மூன்றாவது வரியில் 'மழைக்காலத்துக்கு' என்ற சொல்லை எடுக்கச் சொல்கிறது. அப்துல்லாபுரம் கட்சி நாலை இரண்டாக்கச் சொல்கிறது. ரயில்வேக்காரர் மட்டும் படித்துப் பார்த்துவிட்டு, "பஸ் எத்தனை மணிக்குன்னு போடலியே" என்றார். கொல்கத்தா, குவஹாத்தி விமானங்கள் வந்திறங்கும் நேரத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் அந்தப் பட்டியல் மனுவோடு சேர்ந்துவிடும்.